தணியாத சூடு

அணுமின் நிலையத்துக்குள்ளே ஆழமான தொட்டி ஒன்று இருந்தது. உலையில் எரிந்து முடிந்த யுரேனியக் கோலை அந்தத் தொட்டித் தண்ணீர் இறுகக் கட்டிக்கொண்டிருந்தது.

மேலே தொங்கிய பல்பு கேட்டது: "அதுதான் வேலை முடிஞ்ச கோலாச்சே. இன்னும் எதுக்கு அதைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறே?"

"வேலைதான் முடிஞ்சது. சூடு தணியலையே" என்றது தண்ணீர்.

"எப்போ தணியும்?"

"தணியும்போது தணியட்டும். அதுவரைக்கும் நான் இருக்கேன்."

ஒருநாள் புயலில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கைவிட்டது. பல்பு அணைந்தது. தண்ணீரைக் குளிரவைக்கும் பம்பும் நின்றுபோனது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.

"என்னை விட்டுடு. நீ ஆவியாப் போயிடுவே" என்று கோல் கெஞ்சியது.

"போனாப் போறேன். கடைசிச் சொட்டு இருக்கிற வரைக்கும் விடமாட்டேன். நான் விட்டா ஊர் தாங்காது."

நெடுநேரம் கழித்துப் பம்பு மறுபடி ஓடியது. தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. பிடி மட்டும் தளரவில்லை.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அப்பப்பா! கரண்ட் இல்லாம நான் பட்ட பாடு உங்களுக்கு எங்கே தெரியப்போகுது!" என்றது.