நீட்டிய இடத்தில்

"படிச்சுப் பாத்தீங்களா, இல்லையா?" டீச்சர் மேஜையைத் தட்டினாள்.

அவர் தலை குனிந்தார். "இல்ல டீச்சர். கொண்டு வந்து நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட என்னன்னு கேட்கும். உங்களுக்கு வாய் இல்லையா? இப்போ பிள்ளைங்க கதி?"

"தப்புதான்."

கதவு திறந்தது. ராணுவ அதிகாரி ஒருவர் விறைப்பாகச் சல்யூட் அடித்தார். "ஜனாதிபதி அவர்களே, கார் தயார்."

அதிகாரி போனதும் ஜனாதிபதி தன் மனைவியின் கையைப் பிடித்தார். "கோபப்படாதே டீச்சர். சட்டம் வந்தாச்சு. நாளைக்கு உன் ஸ்கூலைப் பூட்டிடுவாங்க. நீ வீட்டிலேயே இரு."

அவள் கையை உதறினாள். "நான் ஸ்கூல் வாசல்ல உட்காரப் போறேன். என்னைக் கைது பண்ணணும்னு எதையாவது நீட்டுவாங்க. அதையாவது படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க!"