நாற்பத்தோராவது எடை

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை எடையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாதம் ஒருமுறை தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்து நோட்டில் எழுதுவது அவள் வேலை.

போன வருஷம் கடைசி வீட்டுக் குழந்தை வயிற்றுப்போக்கில் செத்துப்போன பிறகுதான் மேலிடத்துக்குக் கண் திறந்தது. நோட்டைப் புரட்டினார்கள். எடை இறங்கிய குழந்தைகள் எல்லாம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இருந்தன. குழாயை மாற்றினார்கள். அதோடு சாவு நின்றது.

இப்போது தெருவில் நாற்பது குழந்தைகள். நோட்டில் மட்டும் மாதாமாதம் நாற்பத்தொரு எடை இருந்தது. கூடுதலாக இருந்தது அந்தக் கடைசி வீட்டுக் குழந்தையின் பெயர், அவள் எழுதாமலேயே, அவள் கையெழுத்தில். அவள் அதை அடித்துவிடுவாள். மறுமாதம் அந்தப் பெயர் மறுபடி இருக்கும், எடை வயசுக்குத் தக்கபடி ஏறியிருக்கும்.

இந்த மாதம் அடிக்க மனசு வரவில்லை. கடைசி வீட்டைத் தலையைக் குனிந்தபடி கடக்கப் பார்த்தாள். வாசலில் அந்தத் தாய் நின்றிருந்தாள்.

"என்னக்கா, இந்த மாசம் எவ்வளவு?"

எடையக்கா நோட்டைத் திறந்து, இருந்ததைப் படித்தாள். "பதினொண்ணேகால் கிலோ."

"அதான் இடுப்பு இந்தக் கடு கடுக்குது," என்றாள் தாய். சொல்லிவிட்டு, வெறும் இடுப்பிலிருந்து எதையோ மெதுவாகத் தூக்கி மறு இடுப்பில் வைத்துக்கொண்டாள்.