மனித வாடை இல்லாத சொர்க்கம்

எத்தாளைக் கடற்கரைக் கிராமத்தில் வெயில் சாய்கிறது. முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருக்கும் மர்ஸூக்கின் மூக்குக்கு நேரே அவன் மனைவி றைஸா போனை நீட்டுகிறாள். கொழும்பு மச்சி விடுமுறைக்குப் போய்ப் போட்ட படம்: வெள்ளைக் குடை, சாய்மனைக் கதிரை, தட்டு நிறைய அன்னாசி, கீழே ‘மனித வாடையே இல்லாத சொர்க்கம்’ என்று ஒரு வரி. “அவளுக்குத் தலையில நல்லா எழுதியிருக்கு,” என்று பெருமூச்சு விடுகிறாள். அவன் மீன் செதில் ஒட்டிய விரலால் படத்தைப் பெரிதாக்குகிறான். கதிரைக்குப் பின்னால் அன்னாசித் தோலை மென்றுகொண்டு நிற்கிறது அவர்களுடைய ஆடு செம்பி. “இது நாம கருவாடு காயப்போட்ட எடம். ஹோட்டல்காரன் வேலி அடிச்சி நம்மள வெரட்டினானே, அதான்.” றைஸா வேலிப் பக்கம் பார்க்கிறாள். அதற்கு அப்பால் ஹோட்டலில் பாட்டுக் கேட்கிறது. மறுபடி படத்துக்கு வந்து, மச்சியை விட்டுவிட்டு, ஆட்டையே முறைக்கிறாள். “செம்பிய மட்டும் எப்பிடி உள்ளுக்கு உட்டான்?”