வழக்கமான பாரம்

தன் உடம்பு எப்படியிருக்கிறது என்று அணையே தினமும் மாலையில் காந்திமதிக்குப் போன் செய்து சொல்லும். அணைக் காவலரான அவளுக்கு அது பழகிவிட்டது.

"அக்கா, நல்லாயிருக்கேன். கசிவு இல்ல. கைப்பிடிச்சுவர் மேல அந்த வழக்கமான பாரமும் வந்தாச்சு."

"என்ன பாரம்?"

போய்ப் பார்த்தாள். அவள் மகள் பொன்மணியும் மீன் பண்ணை ஆவுடையப்பனும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். காந்திமதி போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்துவிட்டன.

"ஏட்டி, இனிமே உன்னய இங்க பாத்தேன், காலை ஒடிச்சிருவேன்!"

மறுநாள் மாலை ஊரில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

"அக்கா, அந்தப் பாரத்தைக் காணோம். எனக்கு என்னமோ ஆயிருச்சு. அது திரும்ப வர்ற வரைக்கும் மதகைத் திறக்க மாட்டேன்."

"ஒனக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் வெரட்டி விட்டேன்."

"பாதுகாப்பு விஷயத்துல வாய்ச்சொல்லை நம்ப முடியாதுல்லா, அக்கா."

அவளே ஓர் அரிசி மூட்டையோடு போய்ச் சுவரில் உட்கார்ந்து பார்த்தாள். அணை ஏமாறவில்லை. வேறு வழியில்லாமல் மகளையும் ஆவுடையப்பனையும் அழைத்து வந்தாள். பயத்தில் இருவரும் நன்றாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"பாரம் வந்துருச்சு. ஆனா ரெண்டா விலகிக் கெடக்கே. விரிசலா இருக்குமோ?"

கீழே குடங்களோடு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. காந்திமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒட்டித்தான் உக்காந்து தொலையேன்!"