மூக்கும் ஒரு துண்டுக் காகிதமும்

உலகத்தில் இதுவரை உண்டான கருவிகளிலேயே நுட்பமானது தன் மூக்குதான் என்பது வேதியியல் பேராசிரியரின் அசைக்க முடியாத முடிவு.

அவரிடமே ஆராய்ச்சி செய்யும் தங்கைக்கு அந்த நம்பிக்கை போதவில்லை. நச்சுப்புகையை வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டின் வாயில் தினமும் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்ப்பாள். அது உள்பக்கம் இழுபட்டால்தான் வேலையைத் தொடங்குவாள்.

அன்று காகிதம் அசையவில்லை.

"அண்ணா, கூண்டு விசிறி ஓடலை."

"நான்தான் நிறுத்தினேன். அந்த இரைச்சல்ல போன்ல ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குது. நீ ஆரம்பி."

"காத்து இழுக்கலையே, பயமா இருக்கு."

"காகிதத்தை ஆட்டிப் பாக்க இது என்ன ஜோசியக் கடையா? ஆபத்துன்னா என் மூக்கு சொல்லும். ஆரம்பிம்மா."

ஆரம்பித்தாள். அழுகிய முட்டை வாடை கிளம்பியது. வாசலில் நின்று போன் பேசிக்கொண்டே, "லேசாத்தான் இருக்கு" என்று கையசைத்தார்.

சற்று நேரத்தில் வாடை அறவே நின்றது.

"பாத்தியா, போயே போச்சு! இப்ப எங்க உன் காகிதம்?"

திரும்பிப் பார்த்தார். தங்கை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாள்.

அந்த வாயு மிகுந்தால் முதலில் மரத்துப்போவது மூக்குதான். வருஷாவருஷம் அவரே நடத்தும் பாடம் அது.

தள்ளாடியபடி அவளை வெளியே இழுத்துவந்து கிடத்தினார். அவள் கோட்டுப் பையிலிருந்த காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, அவள் மூக்கருகே பிடித்தார்.

அசையவில்லை.

பேராசிரியர் இன்னும் மெல்லியதாக ஒன்று கிழித்தார்.