கட் சொல்லும்வரை

விண்வெளி உடையின் ஹெல்மெட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த குட்டி ஃபேன் நின்றுவிட்டது.

வில்லன் நடிகருக்கு முதலில் அது உறைக்கவே இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, வசனமும் நன்றாக வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் ஆவி படர்ந்த பிறகுதான் கை பூட்டைத் தேடியது.

பூட்டு பிடரிக்குப் பின்னால். வெளியிலிருந்து ஓர் ஆள் திறந்துவிட்டால்தான் உண்டு. கைகளில் தடித்தடியாகக் கையுறை வேறு.

ஏதாவது என்றால் கண்ணாடியை மூன்று முறை தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தட்டினார்.

"பிரமாதம் சார். அப்படியே விடாம தட்டுங்க," என்றார் டைரக்டர் மைக்கில்.

ஐயோ, படத்தின் கதையே அதுதானே. வேற்றுக் கிரகத்தில் மூச்சுக்காற்றை விற்றுப் பிழைக்கிற முதலாளி அவர். எதிர்த்துப் பேசிய தொழிலாளியைக் காற்றில்லாத அறையில் அடைத்துவிட்டு, அவன் தட்டத் தட்ட இந்தப் பக்கம் நின்று சிரிப்பார். கடைசியில் அவரே உள்ளே மாட்டிக்கொண்டு தட்டுவார். யாரும் திறக்க மாட்டார்கள். தியேட்டரில் விசில் பறக்கும்.

அந்த மூன்று தட்டையே காட்சியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திகையில் யோசனை சொன்னதும் சாட்சாத் இவரேதான். பெரிய மேதாவித்தனம்.

மறுபடி தட்டினார். எத்தனையோ படங்களில் செத்துச் செத்துப் பழகிய ஆள், இப்போது மட்டும் யார் நம்பப் போகிறார்கள்?

லைட்டுக்குப் பின்னால் எல்லோரும் வாயைப் பிளந்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். மதியம் காஸ்ட்யூமர் வந்து, இந்த ஃபேன்கள் சரியில்லை, மாற்றிவிடலாம் சார் என்று தலையைச் சொறிந்தான். இதற்கெல்லாமா ஷூட்டிங்கை நிறுத்துவார்கள் என்று அவனை விரட்டிவிட்டதும் இவர்தான்.

மூச்சை இழுத்தார். வரவில்லை. செத்துவிடுவோம் என்று தோன்றியது.

காலையில் அறைக்குள்ளிருந்து தட்டியவன் நினைவுக்கு வந்தான். துணை நடிகர் வராததால், கையில் கிடைத்த யாருக்கோ உடையை மாட்டி உள்ளே அனுப்பியிருந்தார்கள். ஆவி படிந்த கண்ணாடிக்குள் இரண்டு கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அது நடிப்பில்லையோ என்று அப்போதே இவருக்குச் சந்தேகம்தான்.

ஆனால் சிரிப்பு அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. ஷாட்டைக் கெடுக்க மனசு வரவில்லை.

கட் சொன்ன பிறகு அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். யாரென்று இவர் கேட்கவும் இல்லை.

தட்டியபடியே முன்னால் சாய்ந்தார். என்ன நடிப்புடா சாமி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பிடரியில் டக்கென்று ஒரு சத்தம். முகத்தில் காற்று அடித்தது.

எதிரே காஸ்ட்யூமர் நின்றுகொண்டிருந்தான். கட் சொல்வதற்குள் எவன் உள்ளே வந்தது என்று டைரக்டர் கத்தினார். அவன் காதிலேயே வாங்கவில்லை. கழற்றிய ஹெல்மெட்டின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"காலைல நானும் இப்படித்தான் சார் தட்டினேன்."

குரலில் கோபம்கூட இல்லை.

ஒன் மோர் என்றது மைக். பேட்டரியைக் கழற்றி மாட்டி, ஃபேன் ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டுவிட்டு, காஸ்ட்யூமர் ஹெல்மெட்டை அவர் தலைக்கு நேராக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தான்.

வில்லனுக்குத் தலையைக் குனியத் தைரியம் வரவில்லை.