தேர்ச்சி

பல்கலைக்கழகக் கணக்கு வைத்திருக்கும் அனைவருக்கும் இணையப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். போன ஆண்டுத் தேர்வில், காவல் அறை ஊழியர் பொற்கொடிக்கு இறந்துபோன கணவரின் குரலில், கணினி போலியாக உருவாக்கிய சோதனை அழைப்பு ஒன்று வந்தது.

"கொடி, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, சொல்லும்மா."

அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். பயிற்சி அதிகாரி சத்தியசீலன் அந்த அழுகையைக் கூட்டத்தில் போட்டுக்காட்டிச் சிரித்தார்.

இன்று அவரே அழைத்தார். "மேடம், சர்வர் ரூம்ல மாட்டிக்கிட்டேன். தீயணைக்கிற கேஸ் திறந்துடுச்சு, மூச்சு முட்டுது. கதவைத் திறங்க!"

கேமராத் திரையில் அவர் கதவில் மோதுவது தெளிவாகத் தெரிந்தது.

"யார் குரலா இருந்தாலும் நம்பக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

சந்தேக அழைப்புகளைப் புகார் செய்ய, பயிற்சிச் செயலியில் இருந்த 'போலி அழைப்பு' பொத்தானை அழுத்தினாள். 'வாழ்த்துகள், தேர்ச்சி பெற்றீர்கள்' என்றது திரை.

அவருடைய கதறலைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் போட்டுக்காட்ட வேண்டும்.